மறுவிற்பனை: சிறு வணிகருக்கு வழிவிடுவோம்

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகம் காலியானால் அங்கிருந்த நாற்காலிகள் எங்கே போகின்றன? 2020-இல் கரோனா வந்து, வீட்டிலிருந்தே வேலை என்பது வழக்கமாகி, நிறுவனங்கள் தளம் தளமாக இடத்தைக் குறைத்துக்கொண்டபோது இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது. மெஷ் சேர், மேசை, இரும்பு அலமாரி, யூபிஎஸ், ஏசி என எல்லாவற்றையும் மொத்தமாக விலைபேசி எடுத்து, பழுது நீக்கிச் சில்லறையாக விற்பவர்களிடம்தான் அவை போய்ச் சேர்ந்தன. புதிதாகத் தொடங்கும் டியூஷன் சென்டரும் சிறிய ஆடிட்டர் அலுவலகமும் அவர்களை நம்பித்தான் மேசை நாற்காலி வாங்குகின்றன.

இந்தத் தொழிலைக் காயலான் கடையின் இன்னொரு வடிவம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. மலிவாக வாங்கிக் கூடுதலாக விற்றால் போதும், யாரும் லட்சங்கள் பார்க்கலாம் என்று ஆசை காட்டும் காணொலிகளும் நிறைய வருகின்றன. இரண்டு தரப்பும் லாபம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதில்லை.

ஒரு நாற்காலி உட்கார்ந்தால் கீழே இறங்குகிறது என்றால், அதன் கேஸ் லிஃப்ட் போய்விட்டது என்று பொருள். சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம். அடிப்பாகத்தில் விரிசல் விட்டிருந்தால் கதை வேறு. பார்ட்டிகிள் போர்டில் செய்த மேசை பார்வைக்குப் புதிதாக இருக்கும். கழற்றி மறுபடி மாட்டும்போது திருகாணி பிடிக்காது, ஈரம் பட்டால் ஊதிவிடும். அதே அளவுள்ள பிளைவுட் மேசை இன்னும் பத்து ஆண்டு உழைக்கும். ஏசியில் இருப்பது செம்புக் காயிலா, அலுமினியமா என்பதைப் பொறுத்து விலையே மாறும். இந்த அறிவுதான் மறுவிற்பனையாளரின் முதல். அதன்மேல் குட்டி யானை வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, குடோன் வாடகை எல்லாம் ஏறும். பல கட்டடங்களில் பகலில் சாமான் இறக்க லிஃப்ட் தரமாட்டார்கள். இரவு முழுக்க ஆள் நிறுத்த வேண்டும். விற்காமல் தேங்கும் ஒவ்வொரு அலமாரியும் இடத்தை அடைத்துக்கொண்டு வாடகையைத் தின்னும். இவ்வளவுக்கும் பிறகு கையில் நிற்பது உழைப்பின் கூலி. அதைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமை இல்லை.

இதோடு சேர்த்துவைத்துப் பேசப்படும் இன்னொரு வழி இருக்கிறது. அதை நான் இதே தட்டில் வைக்க மாட்டேன். இணைய அங்காடிகளின் பண்டிகைக்காலத் தள்ளுபடி 2014 முதல் ஆண்டுதோறும் பெரிதாகி வருகிறது. ஒருவருக்கு இத்தனைதான் என்ற கட்டுப்பாட்டைத் தாண்டப் பல பெயர்களில் கணக்கு தொடங்கி, நண்பர்கள், உறவினர்களின் கிரெடிட் கார்டை வாங்கி, செல்போனையும் மிக்சியையும் குவித்துக் கடைக்குத் தள்ளிவிடுகிறார்கள். ராணுவ கேன்டீன் பொருட்கள் வெளிச்சந்தைக்கு வருவதும் இந்த வகைதான். இங்கே பொருளுக்கு யாரும் எதையும் சேர்க்கவில்லை. சம்பளக்காரக் குடும்பம் காத்திருந்து வாங்க வேண்டிய சலுகையை வழிமறித்துப் பிடித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

இதில் அதிகம் சிக்குவது கார்டைக் கொடுத்த இளைஞர்கள். ஒரு நிதியாண்டில் கிரெடிட் கார்டு நிலுவைக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் கட்டினால் வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆயிரம், இரண்டாயிரம் கமிஷனுக்காகக் கார்டைக் கொடுத்தவரிடம்தான் விளக்கம் கேட்பார்கள். கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால் வட்டியும் அவர் தலையில்தான்.

உழைத்து விற்பவருக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று சொல்ல முடியாது. பொருள் விற்பனை ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், மாநிலத்துக்குள்ளேயே விற்பவர் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு செய்தவருக்கும் பழைய பொருளுக்கென்று தனி விதி உண்டு: ஜிஎஸ்டி விதி 32(5). ஒரு வீட்டிலிருந்து பழைய குளிர்சாதனப் பெட்டியை 2,000 ரூபாய்க்கு வாங்கி, சிறு பழுது நீக்கி 3,500 ரூபாய்க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முழு விலைக்கும் 18 சதவீதம் என்றால் வரி 630 ரூபாய். இந்த விதியின்படி இடையிலுள்ள 1,500 ரூபாய்க்கு மட்டும் கட்டினால் 270 ரூபாய். வாங்கியதற்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. இந்த விதி சிறு கடைகளை எட்டவில்லை என்பது என் கணிப்பு. வணிகவரித் துறை பழைய பொருள் விற்கும் தெருக்களுக்கே போய், எளிய தமிழில் அச்சிட்ட ஒரு பக்கத் தாளைக் கொடுக்கலாம். கணினி, மானிட்டர் போன்றவற்றைப் புதுப்பித்து விற்பவர்களுக்கு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அதையும் அதே தாளில் சொல்லிவிடலாம்.

உண்மையான தடை ஏலத்தில் இருக்கிறது. பெரிய நிறுவனமோ வங்கியோ அரசு அலுவலகமோ வேண்டாத பொருளைக் கழிக்கும்போது முந்நூறு நாற்காலி, எண்பது மேசை, ஐம்பது மின்விசிறி என்று எல்லாவற்றையும் ஒரே லாட்டாகக் கட்டிவிடுகிறார்கள். முன்வைப்புத் தொகை, குறித்த நாட்களுக்குள் முழுப் பணம், மொத்தத்தையும் அகற்றும் பொறுப்பு, பல ஏலங்களில் ஜிஎஸ்டி எண் வேறு. பொருள் எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு குறை சொல்ல முடியாது. இவ்வளவையும் தாங்கக்கூடியவர்கள் சிலரே. சிலர் மட்டும் வரும் ஏலத்தில் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது எளிது. கூட்டுச் சேர்ந்து ஏலம் கேட்பதை 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும், பழைய மேசை நாற்காலி ஏலத்தில் அதைக் கண்டுபிடித்து நிரூபிக்க யார் மெனக்கெடுவார்கள்? ஏலம் எடுத்தவர் அதே பொருளைப் பிரித்துச் சிறு கடைக்காரர்களுக்கு விற்கிறார். அவர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். விற்ற அலுவலகத்துக்குக் குறைந்த விலைதான் கிடைக்கிறது.

பொருளை வகைவாரியாகப் பிரித்து, இருபது நாற்காலி ஒரு லாட், பத்து அலமாரி ஒரு லாட் என்று விட்டால் குட்டி யானை ஒன்றோடு வருபவரும் கேட்க முடியும். படத்தோடு பட்டியல் வெளியிட வேண்டும். நேரில் பார்க்க இரண்டு நாளாவது தர வேண்டும். அதிகாரிகளுக்கு வேலை கூடும் என்பது உண்மைதான். கேட்பவர்கள் கூடினால் விலையும் கூடும் என்பதால் அந்த வேலைக்குப் பலன் உண்டு.

தாலுகா அலுவலகங்களின் பின்பக்கத்திலும் அரசுப் பள்ளித் தாழ்வாரங்களிலும் கழித்த பெஞ்சும் பீரோவும் மழையில் நனைந்து துருப்பிடித்துக் கிடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கழிவுச் சான்றுக்கும் ஒரு பெரிய ஏலத்துக்கும் காத்திருந்தே அவை இரும்பு விலைக்கு இறங்கிவிடுகின்றன. மாவட்டத்துக்கு ஓரிடம் ஒதுக்கி, எல்லாத் துறைகளின் கழித்த பொருட்களையும் அங்கே சேர்த்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறு லாட்களாக ஏலம் விட மாவட்ட நிர்வாகங்கள் முன்வர வேண்டும். வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகவே முதல் ஏலத்தை நடத்திவிடலாம்.