எதிர்க்காற்றில் இருபது பேர்

எதிர்க்காற்றில் இரண்டு மைல் சைக்கிள் மிதித்தவர்களுக்கு வாயுபகவானின் மகிமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 1,900 மைல் மிதித்தவர்களின் கதையை அவசியம் சொல்லத்தான் வேண்டும்.

1897-ஆம் வருஷம் ஜூன் 14-ந் தேதி, அமெரிக்காவின் மேற்கே மான்டானா ராஜ்யத்திலுள்ள மிஸ்ஸூலாக் கோட்டையிலிருந்து 25-வது காலாட்படைச் சிப்பாய்கள் இருபது பேர் சைக்கிளில் புறப்பட்டார்கள். இருபதின்மரும் கறுப்பு இனத்தார். தலைவரான லெப்டினன்ட் ஜேம்ஸ் மாஸ் மட்டும் வெள்ளையர். அந்நாளைய வழக்கம் அது! ஒரு வைத்தியரும் ஒரு பத்திரிகை நிருபரும் கூடச் சென்றனர். கொள்ளும் புல்லும் கேளாத இந்த வாகனம் குதிரைக்கு ஈடாகுமா என்று பார்ப்பதே நோக்கம்.

துப்பாக்கி, கம்பளி, கூடாரத் துணி, ஆகாரம் எல்லாம் அவரவர் பாரம். மலைக் கணவாயில் பனியும் மழையும் வாட்டின. கீழே இறங்கினால் களிமண் சக்கரத்தை விடாமல் பிடித்துக் கொண்டது. அப்பால் வயோமிங்கின் வெட்டவெளி. ஒதுங்க ஒரு மரமில்லை, காற்றைத் தடுப்பாரும் இல்லை. எல்லாவற்றிலும் கொடியது நெப்ராஸ்காவின் மணற்குன்றுப் பிரதேசந்தான். மணலில் சக்கரம் புதையவே, ரயில் பாதையின் கட்டைகள் மீது வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். உவர்நீரைக் குடித்துப் பலர் நோயுற்றனர். 41-வது நாள், ஜூலை 24-ந் தேதி, செயின்ட் லூயி நகரத்தை அடைந்தபோது ஜனங்கள் திரண்டு வரவேற்றார்கள். சிப்பாய்களை ஊருக்கு ரயிலில் அனுப்பி வைத்ததோடு சர்க்காரின் உற்சாகம் தீர்ந்துபோயிற்று. மறுவருஷம் ஸ்பெயினோடு யுத்தம் மூண்டது. படை கியூபாவுக்குச் சென்றது.

நம் மனத்தில் தைப்பது இதற்குப் பிந்திய சங்கதி. அந்த யாத்திரையில் சென்றவர்களுள் மிங்கோ சாண்டர்ஸ் என்ற ஸார்ஜென்ட் ஒருவர். 1906-ல் டெக்ஸாஸிலுள்ள பிரவுன்ஸ்வில் என்னும் ஊரில் ஒரு நள்ளிரவு துப்பாக்கிச் சூடு நடந்தது. பழி 25-வது படையின் மீது விழுந்தது. விசாரணை மன்றத்தில் எவரும் நிறுத்தப்படவில்லை. எவர் மீதும் குற்றம் ருசுவாகவில்லை. ஆயினும் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 167 சிப்பாய்களை மரியாதையின்றி விலக்கி உத்தரவிட்டார். அவர்களில் சாண்டர்ஸும் ஒருவர். இருபத்தாறு வருஷ சேவைக்குக் கிடைக்கவேண்டிய பென்ஷன் ஒரு கையெழுத்தில் பறிபோயிற்று. மணலையும் காற்றையும் வென்ற மனிதர், காகிதத்தை என்ன செய்வார்?

அந்த உத்தரவு நியாயமற்றது என்று ஒப்புக்கொண்டு 1972-ல் ராணுவம் அதை ரத்து செய்தது. சாண்டர்ஸ் 1929-லேயே காலமாகிவிட்டார்.