அரி பேசாமலே இருந்திருக்கலாம்

இரண்டாம் பாகம் என்று கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? அதே மண்டபம், அதே வாழைமரம். ஆனால் வாழை தலை தொங்கியிருக்கும். நாதஸ்வரக்காரர் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். சமையல்காரர் மட்டும் காணாமல் போன கரண்டிக்குக் கணக்குக் கேட்டுக்கொண்டிருப்பார்.

இந்தத் தடவை மாட்டியது ஓர் அமெரிக்க நாவல். எழுதியவர் பெஞ்சமின் அலிரே ஸாயென்ஸ். முதல் பாகம் 2012-ல் வந்தது. பெயர் 'அரிஸ்டாட்டில் அண்ட் தாந்தே டிஸ்கவர் த ஸீக்ரெட்ஸ் ஆஃப் த யூனிவர்ஸ்'. மூச்சு விட்டுக்கொள்ளுங்கள், இன்னொன்று இருக்கிறது. 2021-ல் வந்த இரண்டாம் பாகத்தில் இதே இரண்டு பேரும் 'டைவ் இன்டு த வாட்டர்ஸ் ஆஃப் த வேர்ல்ட்'. குதித்தார்கள், சரி. கரையில் நின்ற நம்மையும் சேர்த்தல்லவா இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்!

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1987 கோடை. டெக்ஸாஸ் மாநிலத்தில் மெக்ஸிகோ எல்லையை ஒட்டிய எல் பாசோ நகரம். நீச்சல் குளத்தில் நீச்சல் தெரியாமல் ஒரு பதினைந்து வயசுப் பையன். அவன்தான் அரிஸ்டாட்டில், சுருக்கமாக அரி. 'நான் கத்துக்கொடுக்கறேன்' என்று வந்து நிற்கிறான் அதே வயசு தாந்தே. இருவருமே மெக்ஸிக வம்சாவளி. ஒற்றுமை அதோடு சரி.

தாந்தே வாய் ஓயாதவன். கவிதை படிப்பான், ஷூ போடப் பிடிக்காது, நாலு பேர் எதிரில் அப்பாவை முத்தமிடுவான். அரி வீட்டிலோ மௌனம்தான் குடும்பச் சொத்து. அப்பா வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். அதைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார். அண்ணன் ஜெயிலில். ஏன் என்று யாரும் சொன்னதில்லை. வீட்டில் அவன் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டில் வளர்கிற பையன் தனக்குள் என்ன நடக்கிறது என்று தனக்கே சொல்லிக்கொள்ள மாட்டான் இல்லையா?

ஒரு மழை நாளில் அடிபட்ட பறவையைத் தூக்க தாந்தே நடுரோட்டுக்குப் போகிறான். கார் வருகிறது. யோசிக்காமல் பாய்கிறான் அரி. தாந்தே பிழைக்கிறான், அரிக்கு இரண்டு காலும் ஒரு கையும் முறிகிறது. அப்புறம் அவன் போடுகிற கண்டிஷன்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த விபத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது, நன்றி சொல்லக் கூடாது! காதல் என்ற சொல்லே இல்லாமல் எழுதப்பட்ட காதல் அத்தியாயம் அது. கடைசியில் அந்த மௌனச் சாமியார் அப்பா வாயைத் திறந்து, 'நீ அவனை நேசிக்கிறாய்' என்று பிள்ளைக்குப் புரியவைக்கும்போது, நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தேன்.

பக்கத்து வீட்டு ரிடையர்டு தாசில்தாரிடம் இதைச் சொன்னேன்.

"ரெண்டுமே பையனுங்களா?"

"ஆமா சார்."

"அப்ப அதுல இவ்வளவு யோசிக்க என்ன இருக்கு? 350 பக்கமா யோசிக்கிறான்?"

"ரெண்டும் பையனா இருக்கறதாலதான் சார் யோசிக்கிறான்!"

டெக்ஸாஸில் அன்றைக்கு இது வெறும் வெட்கம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. ஆணும் ஆணும் உறவு கொள்வது சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தை அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தூக்கிக் கடாசியது 2003-ல்தான். இதைக் கேட்டதும் தாசில்தார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "புஸ்தகத்தைக் குடுத்துட்டுப் போ" என்றார். இன்னும் திரும்பி வரவில்லை.

முதல் பாகத்துக்கு 2013-ல் ஸ்டோன்வால் விருது, பூரா பெல்ப்ரே விருது, பிரின்ட்ஸ் கௌரவம் என்று வரிசையாகக் கிடைத்தது. படித்த பையன்களும் பெண்களும் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார்கள். பி.காமில் 'குட்வில்' என்று ஓர் அயிட்டம் சொல்லிக்கொடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, கையில் பிடிக்க முடியாது. ஆனாலும் சொத்துப் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். ஒன்பது வருஷம் சேர்ந்த அந்தக் குட்வில்லைத்தான் இரண்டாம் பாகம் எடுத்துச் செலவழிக்கிறது. 500 பக்கத்துக்கு மேல்.

தேவையில்லாத புத்தகம் என்று சொல்ல மாட்டேன். முதல் பாகம் பாலைவனத்தில், நட்சத்திரங்களுக்குக் கீழே, ஒரு முத்தத்தில் முடிகிறது. மறுநாள் விடியுமே! 1988-ல் இந்த இரண்டு பேரும் எந்தத் தெருவில் கைகோத்து நடப்பார்கள்? அது எய்ட்ஸ் காலம். அனுமதி பெற்ற முதல் மருந்தே 1987 மார்ச்சில்தான் வந்தது. முதல் பாகம் இந்தப் பக்கமே திரும்பவில்லை. இரண்டாவது திரும்புகிறது. அரியோடு படிக்கிற கஸாண்ட்ராவின் அண்ணன் எய்ட்ஸில் சாகிறான். இது பெரிய விஷயம்; எழுத வேண்டிய விஷயம்.

ஆனால் எழுதின விதம்? எல்லோரும் பேசுகிறார்கள் ஸார்! அம்மா தத்துவம் சொல்கிறார். அப்பா தத்துவம் சொல்கிறார். தாந்தேயின் அம்மா ஏற்கெனவே மனநல ஆலோசகர், கேட்கவே வேண்டாம். கஸாண்ட்ராவுக்கும் அரிக்கும் ஜென்மப் பகை. ஒரே ஒரு உரையாடல், இரண்டு பேரும் ஆயுட்காலத் தோழர்கள்! புது உலகத்துக்கு நாமே வரைபடம் வரைய வேண்டும் என்று ஒரு அழகான உவமை வருகிறது. முதல் தடவை சிலிர்த்தது. நாலாவது தடவை, 'வரைஞ்சு முடிச்சாச்சாப்பா?' என்று கேட்கத் தோன்றியது.

எல்லாவற்றையும்விடக் கொடுமை அரிக்கு நேர்ந்தது. அவனுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்துவிட்டார் ஆசிரியர். 'அன்புள்ள தாந்தே' என்று ஆரம்பித்துப் பக்கம் பக்கமாக மனசைக் கொட்டுகிறான். நன்றி சொல்லக்கூட விடாத அந்த முரட்டுப் பையன் எங்கே போனான்? அவன் சொல்லாமல் விட்டதையெல்லாம் நாம்தானே இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தோம்! வாசகன் வேலையையும் பிடுங்கிக்கொண்டால் எப்படி?

இருந்தாலும் ஸாயென்ஸை முழுசாகத் திட்ட மனசு வரவில்லை. அவர் 1954-ல் பிறந்தவர். கத்தோலிக்கப் பாதிரியாராக இருந்து விலகியவர். கல்யாணம் செய்துகொண்டு விவாகரத்தானவர். தான் இப்படித்தான் என்று வெளியே சொன்னபோது ஐம்பது வயது தாண்டிவிட்டது. அரை நூற்றாண்டு வாயை மூடியிருந்த மனிதர் பேச ஆரம்பித்தால் அளவுச் சாப்பாடாகவா இருக்கும்? முதல் பாகத்தில் அந்தப் பூட்டின வாய் இருக்கிறது. இரண்டாவதில், இந்தப் பசங்களுக்கும் தன்னைப் போல ஆகிவிடக் கூடாதே என்ற பதைப்பு இருக்கிறது. ஒரு தாத்தாவின் பதைப்பு. பேரனுக்குக் கதை கேட்க வேண்டும். தாத்தாவோ புத்திமதியை நிறுத்துவதாயில்லை.

சில பக்கங்களில் நிறுத்துகிறார். அரியின் அப்பா திடீரென்று இறந்துபோகிறார். அந்த இடத்தில் வரிகள் குட்டையாகின்றன. யாரும் விளக்கம் சொல்வதில்லை. பழைய அரி, பழைய எல் பாசோ. நெஞ்சை அடைத்தது.

அதற்கப்புறம் தாந்தே படிக்க பாரிஸ் போகிறான். மனஸ்தாபம். அரி பின்னாலேயே போய் லூவ்ரு மியூசியத்தில் அவனைப் பிடிக்கிறான். எதிரே ஜெரிக்கோ வரைந்த பிரம்மாண்டமான ஓவியம். கப்பல் உடைந்து, கட்டுமரத்தில் கிடப்பவர்கள் தொலைவில் தெரியும் ஒரு பாய்மரத்தைப் பார்த்துத் துணியை ஆட்டுகிறார்கள். ஒருத்தரும் பேசுவதில்லை.

எதிரில் நிற்கிற இரண்டு பேர்தான் பேசுகிறார்கள்.