நாக்கைக் கட்டச் சொல்கிறவர்கள்

பிடித்த பண்டத்தைக் கண்டால் ஆணின் மூளைக்குத் தன்னை அடக்கிக்கொள்ளத் தெரியுமாம். பெண்ணின் மூளைக்குத் தெரியாதாம். எடைகுறைப்புப் பொடி விற்பவர் இதைச் சொல்கிறார். ஜிம் நடத்துபவர் சொல்கிறார். பெண்கள் ஆரோக்கியம் பற்றிப் பேசக் கல்லூரிக்கு வரும் சிறப்பு விருந்தினரும் சொல்கிறார். கேட்டால், ஆராய்ச்சியே நிரூபித்துவிட்டது என்கிறார்கள். ஆராய்ச்சி என்ற சொல் வந்ததும் மாணவிகள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். குனிவதற்கு முன்னால் அந்த ஆராய்ச்சி எது, அதில் என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம்.

2009 ஜனவரியில் வெளிவந்தது அது. அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் ஜீன்-ஜாக் வாங்கும் அவருடைய குழுவினரும் செய்தது. கலந்துகொண்டவர்கள் மொத்தம் 23 பேர்: 13 பெண்கள், 10 ஆண்கள். முந்தைய இரவிலிருந்து எல்லோரும் பட்டினி. பீட்சா, பர்கர், சாக்லேட் கேக் என்று அவரவருக்கு மிகவும் பிடித்ததைக் கண்முன் வைத்தார்கள். பார்க்கலாம், மணக்கலாம், ருசியை நாக்கில் தொட்டும் வைப்பார்கள், தின்ன முடியாது. ஒரு சுற்றில் ஆசையை அடக்கிக்கொள்ளச் சொல்லி மூளையை ஸ்கேன் செய்தார்கள். உணர்ச்சி, நினைவு, வேட்கை ஆகியவற்றோடு தொடர்புடைய பகுதிகள் ஆண்களிடம் தணிந்தன. பெண்களிடம் தணியவில்லை. அமெரிக்காவில் பெண்களிடையே உடல்பருமன் கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று முடித்தார்கள். அவர்கள் எழுதியது 'இருக்கலாம்'. நம்மிடம் வந்து சேர்ந்தபோது அது 'நிரூபித்துவிட்டது' ஆகியிருந்தது.

இதில் ஒரு செய்தி யாருடைய வாயிலும் வருவதில்லை. அடக்கிக்கொள்ள முயன்றபோது பசி குறைந்ததாக அந்தப் பெண்களும் சொன்னார்கள். அவர்கள் சொன்னதை ஒதுக்கிவிட்டுப் படத்தை நம்பினார்கள். சரி, படத்தையே நம்புவோம். ஒருவருக்கு ஆசை அணைந்துவிட்டது. அவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். இன்னொருத்திக்கு ஆசை கொழுந்துவிட்டு எரிகிறது; அவளும் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறாள். இருவரில் அடக்கம் யாருடையது? அணைந்த அடுப்பின் பக்கத்தில் நிற்பதற்கு என்ன பெரிய மனவுறுதி வேண்டிக்கிடக்கிறது? பெண்கள் அதிகம் தின்றார்களா என்பதை அந்த ஆய்வு அளக்கவே இல்லை. தவிர, ஸ்கேன் என்பது அந்த ஒரு காலைப்பொழுதின் படம். அதில் உட்கார்ந்திருந்தவள் பத்து வயதிலிருந்து எத்தனை தடவை 'போதும், எழுந்திரு' என்று கேட்டவள் என்பது அதில் தெரியாது.

அது முக்கியமான கேள்வி. பசித்த உடம்பில் இரைப்பை சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோன், உணவின் மணத்துக்கும் தோற்றத்துக்கும் மூளை காட்டும் துடிப்பைக் கூட்டுகிறது. பட்டினி போட்டு உடம்பைக் குறைத்தால், போதும் என்று சொல்லும் லெப்டின் குறைகிறது. வேண்டும் என்று இழுப்பது ஒன்று, தின்னும்போது கிடைக்கும் சுகம் வேறொன்று. டோபமைன் பெரும்பாலும் முதலாவதன் ஆள். அதனால் அடக்க அடக்க இழுப்பு கூடுகிறது. இதற்கு ஆண், பெண் பேதமில்லை. 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 ஆண்களைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். கொள்கைக்காகப் போருக்குப் போக மறுத்தவர்கள் அவர்கள், மனவுறுதிக்குக் குறைவில்லை. சில வாரங்களில் பேச்செல்லாம் சாப்பாடு. சமையல் புத்தகங்களைக் கதைப்புத்தகம்போல் படித்தார்கள், தட்டை நக்கினார்கள். சிலர் ஒளித்துத் தின்று ஆய்விலிருந்து விலக்கப்பட்டார்கள். பட்டினி முடிந்தபின் தின்று தின்றும் திருப்தி வரவில்லை. இதைப் பார்த்து யாரும் ஆணின் மூளை பலவீனமானது என்று எழுதவில்லை. பட்டினி மனிதரை இப்படிச் செய்யும் என்று எழுதினார்கள். சரியாகத்தான் எழுதினார்கள்.

இனி நம் ஊர்க் கணக்கு. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் அதிக எடையுள்ள பெண்கள் 24 சதவீதம், ஆண்கள் 22.9. பெண் மூளையின் பலவீனம் இங்கே ஒரு சதவீதத்தோடு நின்றுவிட்டது போலிருக்கிறது! அதே கணக்கெடுப்பில் ரத்தசோகையைப் பாருங்கள்: பெண்கள் 57 சதவீதம், ஆண்கள் 25. மாதவிடாயும் பிள்ளைப்பேறும் இதில் ஒரு பங்கு. கடைசியில் சாப்பிடுவது இன்னொரு பங்கு. எல்லோரும் உண்டு எழுந்தபின் குழம்புச் சட்டியின் அடியில் கிடப்பதை வழித்துச் சோற்றில் போட்டுக்கொள்கிறவளிடம் போய் நாக்கைக் கட்டு என்கிறோம்.

அவள் கட்டித்தான் வைத்திருக்கிறாள். 'வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி' என்ற தொடரை மேடைகளில் யாரைப் பாராட்டச் சொல்கிறோம்? பெரும்பாலும் அம்மாவை. மீன்துண்டு இன்னொன்று கேட்ட பெண்பிள்ளைக்கும், எதிர்த்துப் பேசிய பெண்பிள்ளைக்கும் ஒரே வசவுதான்: நாக்கு நீளம். புறநானூற்று 246ஆம் பாட்டில் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு, தன்னைத் தடுக்கும் சான்றோரிடம் கைம்பெண்ணின் உணவுப் பட்டியலை ஒப்பிக்கிறாள்: நெய் படாத பிழிந்த நீர்ச்சோறு, எள் துவையல், புளியிட்டு வேகவைத்த வேளைக்கீரை. வகுப்பில் நாம் அவளுடைய கற்பை நடத்துகிறோம், பட்டியலைத் தாண்டிப் போய்விடுகிறோம். அவள் தீயைத் தேர்ந்ததை நான் கொண்டாட மாட்டேன். ஆனால் அந்தச் சாப்பாடு ஒரு தண்டனை என்று அவ்வளவு பழங்காலத்திலேயே ஒருத்தி சபையில் சொல்லியிருக்கிறாள். பிற்காலத்தில் மேல்சாதி வீடுகளில் கைம்பெண்ணுக்கு வெங்காயமும் பூண்டும் விலக்கானது அவை ஆசையைத் தூண்டும் என்பதற்காக. நாக்கைக் கட்டியது எதைக் கட்டுவதற்காக என்பதை அந்தக் காலத்தவர் மறைக்கவாவது இல்லை.

இன்றைக்குக் கட்டச் சொல்கிறவர்களுக்கு வேறு லாபம். சர்க்கரை எந்த அளவில் இருந்தால் நாக்கு மிக மகிழும் என்பதை ஆட்களை வைத்துச் சோதித்து, அதற்குப் 'பேரின்பப் புள்ளி' என்று பெயரும் கொடுத்து, அமெரிக்கக் கம்பெனிகளுக்குச் செய்து கொடுத்தவர் ஹோவர்ட் மாஸ்கோவிட்ஸ். ஒரு தொழிற்சாலை முழுவதும் கணக்குப் போட்டுத் தயாரித்த பண்டத்தின் முன்னால் தனியொருத்தியை நிறுத்தி, தோற்றால் உன் குற்றம் என்கிறார்கள். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் கெவின் ஹால் 10 ஆண்களையும் 10 பெண்களையும் நான்கு வாரம் தங்கவைத்தார். இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரண உணவு. பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒத்த அளவு, வேண்டுமட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு கிடைத்தபோது நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, இரண்டே வாரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ ஏறியது. ஆட்கள் மாறவில்லை, மூளை மாறவில்லை. தட்டு மாறியது.

மாலை நான்கு மணிக்குச் சிப்ஸ் பாக்கெட்டோடு துறைக்கு வரும் பிள்ளைகள், “எனக்குக் கன்ட்ரோலே இல்ல மேம்” என்பார்கள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் டீ. மதியம்? “டயட் மேம்.” இந்தப் பிள்ளைக்குத் தேவை மதியச் சோறு. பாக்கெட்டுக்குத் தேவை முகத்தில் ஒரு எச்சரிக்கை. சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பாக்கெட்டுகளின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை கட்டாயம். இங்கே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வெளியிட்ட வரைவு, பாக்கெட்டுகளுக்கு நட்சத்திரம் கொடுக்கலாம் என்றது. பள்ளிக்கூடத்தில் நல்ல பிள்ளைக்குக் கொடுப்பார்களே, அந்த நட்சத்திரம்.