அகலிகை கேட்ட கேள்வி

விடியற்காலையில் பஞ்சகன்னியர் சுலோகம் சொல்லும் வழக்கம் இன்றும் பல இல்லங்களில் உண்டு. அதில் முதலாவதாக வரும் பெயர் அகலிகை. கணவரின் சாபத்துக்கு ஆளான ஒருத்தியை நினைத்தாலே பாவம் தீரும் என்று பெரியோர் வகுத்துவைத்தது சாதாரணமான செய்தியன்று.

இதிகாசங்களைப் பெண்களின் பார்வையில் திருப்பிச் சொல்லும் நாவல்கள் இப்போது நிறைய வருகின்றன. பேத்தியின் கையில் அத்தகைய நூலைக் கண்டதும் பெரியவர்கள் முகம் சுளிக்கின்றனர். சுளிக்கத் தக்கவையும் அவற்றில் உண்டு. ஆயினும் எல்லாவற்றையும் ஒரே பற்றுக் கணக்கில் எழுதிவிடலாகாது.

தமிழுக்கு இது புதிதன்று. புதுமைப்பித்தன் 1943-இல் ‘சாபவிமோசனம்’ எழுதினார். சாபம் நீங்கிய அகலிகை கௌதமருடன் மீண்டும் இல்லறம் நடத்துகிறாள். முனிவர் ஏற்றுக்கொண்டார், மற்றப் பெண்களோ அவளைக் கண்டாலே விலகி ஓடுகின்றனர். வனவாசம் முடிந்து வந்த சீதை, தான் தீக்குளித்ததை அவளிடம் சொல்கிறாள். அகலிகை துடித்துப்போகிறாள். தனக்கு வாழ்வளித்த இராமனா இதைக் கேட்டான்? அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமலே அவள் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். இராமாயணம் அறிந்தவர்களுக்கு இக்கதை பிடிக்காமற் போகலாம் என்று ஆசிரியரே முன்கூட்டிக் குறித்திருக்கிறார்.

கதையை மாற்றலாமா என்பது பலருடைய மனக்குறை. வான்மீகத்தில் அகலிகை கல்லாகவே இல்லை. காற்றே உணவாக, சாம்பலில் கிடந்து, எவர் கண்ணுக்கும் புலப்படாமல் தவம் செய்கிறாள். அங்கே இராம லட்சுமணர்தாம் அவள் பாதங்களைத் தொட்டு வணங்குகின்றனர். கம்பரிலோ இராமபிரானின் திருவடித் துகள் பட்டுக் கல் பெண்ணாகிறது. கம்பருக்கும் முன்பே, அவள் கல்லுருவான காட்சி திருப்பரங்குன்றத்தில் ஓவியமாக இருந்ததைப் பரிபாடல் சொல்கிறது. இவை அனைத்தையும் பக்தர்கள் ஏற்றுக்கொண்டே வந்திருக்கின்றனர்.

ஆனால் அவை அருளில் முடிந்தவை. புதுமைப்பித்தனின் கதை கல்லில் முடிகிறது. பக்தருக்கு வலிப்பது அந்த இடமே. அந்த வலி நியாயமானது.

எனினும் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். பல இல்லங்களில் பாராயணம் பட்டாபிஷேகத்தோடு நின்றுவிடும். கம்பரும் அங்கேயே நிறுத்தினார். பாயசம் நிவேதித்து, புத்தகத்தைப் பட்டுத்துணியில் சுற்றிவைக்கும் பாட்டி, உத்தர காண்டத்தைத் தொடமாட்டாள். ஏன் என்று கேட்கும் குழந்தையிடம், “வேண்டாமம்மா, சீதை மறுபடியும் அழுவாள்” என்பாள்.

அந்தக் குழந்தைதான் இன்று நாவலைக் கையில் வைத்திருக்கிறாள்.