கர்ப்பிணிகளும் தடுப்பூசியும்

கர்ப்பிணி ஸ்திரீகள் தடுப்பூசிக்கு அஞ்சி ஒதுங்குகிறார்கள் என்றும், அதற்கு அவர்களுடைய அறியாமையே காரணமென்றும் ஒரு குற்றச்சாட்டு நெடுநாளாக வழங்கி வருகிறது. வைத்தியர்கள் சொல்லுகிறார்கள், அதிகாரிகள் சொல்லுகிறார்கள், மேடைகளில் நமது நண்பர்களும் சொல்லுகிறார்கள். எதிர்த் தரப்பைக் கேளாமல் தீர்ப்புச் சொல்லுவது எந்த நியாயஸ்தலத்துக்கும் உரியதன்று. சாட்சியங்களை நிதானமாகப் பரிசீலித்தால், கூண்டில் ஏறவேண்டியவர்கள் வேறு சிலர் என்பது விளங்கும்.

ரண ஜன்னியின் சரித்திரத்தை முதலில் கவனிப்போம். சுத்தமற்ற கருவியால் தொப்புள் கொடியை அறுப்பதன் வாயிலாகச் சிசுவின் உடலில் புகும் இந்நோய்க்கு, 1988-ம் வருஷத்தில் மாத்திரம் நமது தேசத்தில் சுமார் 1,60,000 குழந்தைகள் பலியானதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. 2015 மே மாதத்தில், தாய் சேய்களைப் பற்றும் ரண ஜன்னி இந்தியாவில் பொதுச் சுகாதாரப் பிரச்னை என்ற நிலையினின்றும் நீங்கியதாக உறுதி செய்யப்பட்டது. பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளுக்கு மாறியது ஒரு காரணம். கர்ப்பிணிகளுக்குப் போடப்பட்ட ஊசி மற்றொரு காரணம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தாய்மாரில் 100-க்கு 92 பேர் தங்கள் கடைசிப் பிரசவத்தில் இந்நோய்க்கெதிரான காப்புப் பெற்றிருந்தனர். இவர்களில் எழுத்தறியாதோர் இல்லையா? குக்கிராமத்தார் இல்லையா? மாதாந்தரப் பரிசோதனைக்குப் போகிறாள், தெரிந்த நர்ஸ் கை நீட்டச் சொல்லுகிறாள், நீட்டுகிறாள். அவ்வளவுதான் விஷயம்.

அதே மாதர் 2021-ல் கோவிட் ஊசிக்குத் தயங்கினார்கள். ஏன் தயங்கமாட்டார்கள்? அவ்வருஷம் ஜனவரி 16-ந் தேதி தடுப்பூசி இயக்கம் துவங்கியபொழுது, பரிசோதனைகளில் கர்ப்பிணிகள் சேர்க்கப்படவில்லையாதலால் அவர்களுக்கு ஊசி கூடாதென்று சொன்னது சர்க்காரேயாகும். ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாவது அலை தேசத்தைச் சூறையாடிற்று. முதல் அலையில் நோய் கண்ட கர்ப்பிணிகளிலும் பிரசவித்தவர்களிலும் மரணம் 100-க்கு 0.7 ஆக இருந்தது, இரண்டாவது அலையில் 5.7 ஆக உயர்ந்தது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில் அந்த ஜூனில் வெளியிட்டது. பிரசவ வைத்தியர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு அதற்கு முன்னமே ஊசிக்கு ஆதரவாகப் பேசியிருந்தது. அனுமதி வந்ததோ ஜூலை 2-ந் தேதி. ஐந்தரை மாதம் "வேண்டாம், ஆபத்து" என்று கேட்ட காது, ஒரே நாளில் "உடனே வா, அவசியம்" என்பதை எப்படி ஏற்கும்? சாட்சி தன் வாக்குமூலத்தை மாற்றினால் நீதிபதி சந்தேகிப்பது அறியாமையா?

இந்தத் தடைக்கு மூலகாரணம் தாலிடோமைட் மருந்தின் கதை. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கென்று கொடுக்கப்பட்ட அம்மருந்து, 1961-ல் ஜெர்மனியில் விலக்கப்படுவதற்குள் பல்லாயிரம் சிசுக்களின் அங்கங்களைச் சிதைத்துவிட்டது. சரிவரச் சோதிக்காமல் கொடுத்ததால் விளைந்த அந்தக் கேட்டிலிருந்து, கர்ப்பிணிகளைச் சோதனையிலேயே சேர்க்கலாகாது என்ற பாடத்தை உலகம் கற்றுக்கொண்டது விசித்திரத்திலும் விசித்திரம்!

படிப்புத்தான் மருந்து என்போருக்கு இங்கிலாந்தைக் காட்டுகிறோம். அங்கே 2020 டிஸம்பரில் ஊசி துவங்கியது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் அளிக்கலாமென்ற ஆலோசனை 2021 ஏப்ரல் 16-ல்தான் வந்தது. அவ்வருஷம் ஜூலை முதல் செப்டம்பர் வரையில், நுரையீரலின் வேலையைச் செய்யும் இயந்திரத்தில் வைக்கப்பட்ட கோவிட் நோயாளிகளில் 100-க்கு 17 பேர் ஊசி போட்டுக்கொள்ளாத கர்ப்பிணிகள். எழுத்தறிவு நிறைந்த தேசத்தின் நிலை இது.

ஊசியினால் மலடு உண்டாகும் என்ற வதந்தி எங்கும் உலவிற்று. அதற்கு ஆதாரம் கிடையாது. ஆயினும் 1976-ல் பலவந்தக் கருத்தடையைக் கண்ட வட இந்தியக் கிராமங்களில் அத்தகைய பேச்சு எளிதில் வேரூன்றுவது ஏனென்று புரியாதவர்கள் தேச சரித்திரத்தை மறந்தவர்கள். போலியோ சொட்டு மருந்துக்கும் இதே புரளி எழுந்ததே!

நமது மாகாணத்தைக் குறித்து ஒரு வார்த்தை. 2021 ஆகஸ்டு முதல் வாரம் வரையில், இந்தியா முழுவதும் முதல் ஊசி பெற்ற கர்ப்பிணிகள் சுமார் 2,27,000 பேர். அவர்களில் 78,838 பேர் தமிழ்நாட்டினர். மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். தமிழ்ப் பெண்கள் பிறவியிலேயே தைரியசாலிகள் என்று மார்தட்டிக்கொள்ள நாம் இதைச் சொல்லவில்லை. கர்ப்பத்தைப் பதிவு செய்து, வீட்டு வாசலுக்குப் போய்ப் பெயர் சொல்லி அழைக்கும் கிராம சுகாதார நர்ஸ் இங்கே பல தலைமுறை உழைப்பால் சம்பாதித்து வைத்திருந்த நம்பிக்கைக்கே அதில் பெரும்பங்கு உண்டென்பது நமது அபிப்பிராயம். அந்த நர்ஸுகளின் ஸ்தானங்களைக் காலியாக விட்டுவிட்டு விளம்பரத்துக்குப் பணம் செலவிடுவது வீண்.

இனி வருவதைக் கவனிக்கவேண்டும். பிறந்த சிசுக்களின் மூச்சை அடைக்கும் ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸுக்கெதிராகக் கர்ப்பிணிகளுக்கான ஊசியை அமெரிக்கா 2023 ஆகஸ்டில் அங்கீகரித்தது. இன்புளூயன்ஸா ஊசியைக் கர்ப்பிணிகளுக்கு முதன்மையாக அளிக்கும்படி உலக சுகாதார ஸ்தாபனம் 2012-லேயே சொல்லிவிட்டது. நமது தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அதற்கு இன்னும் இடமில்லை. ஆகவே பெரும்பாலும் கைப்பணம் உள்ளவர்களே அதைப் போட்டுக்கொள்கிறார்கள். ஏழைப் பெண் போட்டுக்கொள்ளாவிடில் அதற்கும் அறியாமை என்று பெயர் சூட்டுவார்கள் போலும்!

புதிய மருந்துகளின் சோதனையில், தக்க பாதுகாப்புடனும் அவர்களுடைய சம்மதத்துடனும், கர்ப்பிணிகளை ஆரம்பத்திலேயே சேர்க்க சர்க்கார் வழிசெய்யவேண்டும். பரிசோதனைக்கு வரும் அதே நாளில், அதே இடத்தில் ஊசி கிடைக்கவேண்டும். வேறொரு நாள், வேறொரு ஆஸ்பத்திரி என்றால் தினக்கூலி இழந்து யார் வருவார்? "உங்கள் இஷ்டம்" என்று கைகழுவும் வைத்தியரும் தமது அபிப்பிராயத்தைத் தெளிவாகச் சொல்லவேண்டும். நமது ஊழியர்களுக்கும் வேலை இருக்கிறது. அநேக வீடுகளில் முடிவு செய்பவர்கள் கணவனும் மாமியாருமே. கர்ப்பிணிக்கு உபதேசம் செய்யப் புறப்படுமுன், நமது ஊழியர்கள் அவ்விருவரிடமும் பேசட்டும். பரிசோதனை நாளில் மனைவியுடன் தாமும் ஒரு முறை சென்று, நர்ஸ் சொல்லுவதை நின்று கேட்டு வரட்டும்.