வந்து வந்து மறையும் கோளாறு

வண்டியொன்று அடியோடு நின்றுவிட்டால் கவலை உண்டு; குழப்பம் இல்லை. பட்டறைக்கு இழுத்துச் செல்கிறோம், பழுது கண்ணுக்குப் புலனாகிறது, சீராகிறது. குழப்பம் தருவது வேறொரு வகைக் கோளாறு. காலையில் நன்றாக ஓடிய வண்டி நண்பகலில் திணறும். பத்து நிமிடம் ஓய்ந்து நின்றால் ஒன்றுமே நிகழாதது போல் மீண்டும் ஓடும். பட்டறை வாசலை அடைந்ததும் சாதுவாகிவிடும். மெக்கானிக் ஐயத்துடன் நோக்குவார், ஓட்டுநர் தலைகுனிவார். இத்தகைய கோளாற்றைப் பற்றியே இத்திங்கள் சில சொற்கள் கூற விழைகிறோம்.

மேலைநாடுகளில் படுக்கையும் அடுப்பும் பொருத்திய வீட்டு வண்டிகளில் குடும்பங்கள் ஊர் சுற்றுகின்றன. நம் பக்கத்தில் அந்த வேலையைச் செய்வது பழைய வேன்தான். காரைக்கால் பகுதியின் வடபுறத்தில், கடலையொட்டிய மண்டபத்தூரிலிருந்து வேளாங்கண்ணி ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். ஆகஸ்ட் 29-இல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடைபெறும் திருவிழாவிற்கு, பாயும் பாத்திரமும் ஏற்றி, முதியோரும் குழந்தைகளுமாகப் புறப்படும் வேன்கள் பல. அவற்றுள் 1987-இல் அறிமுகமான டெம்போ டிராவலர் வகையைச் சேர்ந்த பழைய வண்டி ஒன்றை எண்ணிக்கொள்வோம். கோட்டுச்சேரி, காரைக்கால் கடந்து திருமலைராயன்பட்டினம் வரை நன்றாகச் செல்கிறது. நாகூரை நெருங்கும்போது இழுவை குறைகிறது, ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் வேகம் ஏறவில்லை, பின்னர் நின்றேவிடுகிறது. சற்று நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஓடுகிறது. உரிமையாளர் என்ன செய்ய வேண்டும்?

பலரும் செய்வது, பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றுவது. நாசில் மாறும், பம்பைக் கழற்றி அனுப்புவர், பேட்டரியும் புதிதாகும். வண்டி வாங்கிய கடனே தீராத வீட்டில் நகை மீண்டும் அடகுக்குப் போகும். ஆயினும் அடுத்த பயணத்தில் அதே இடத்தில் வண்டி திணறும். பழுது எங்கே என்று அறியாமல் பாகத்தை மாற்றுவது, நோய் இன்னதென்று அறியாமல் மருந்தை மாற்றுவதை ஒக்கும்.

வந்து மறையும் கோளாறு, தான் வரும் வேளையிலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. ஆகவே முதற்கருவி ஸ்பேனர் அன்று. ஒரு சிறு குறிப்பேடு. புறப்பட்டு எத்தனை நிமிடத்தில் திணறியது? பாலம் ஏறும்போதா, வளைவிலா, பள்ளத்தில் குலுங்கியபோதா? டேங்கில் எவ்வளவு டீசல் இருந்தது? மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றதா, விளக்கை அணைத்தாற்போல் சட்டென நின்றதா? இந்நான்கிற்கும் விடை எழுதினால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

மெல்லத் தளர்ந்து நின்றால் முதலில் டீசல் வரும் வழியை ஐயுற வேண்டும். ஃபில்டர் பாதி அடைபட்டிருப்பின், எஞ்சின் சும்மா ஓடுகையில் வேண்டிய சிறிதளவு டீசல் தாராளமாகக் கிட்டும். ஆள் நிறைந்து விரைந்து செல்கையில்தான் போதாமற்போகும். பட்டறையில் குறை தெரியாமற்போவதன் மர்மம் இதுவே. டேங்கின் அடியில் கசடு இருப்பின், ஓட்டத்தின்போது அது உறிஞ்சு குழாயின் வாயில் வந்து ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றதும் உறிஞ்சுதல் ஓய, கசடு உதிர்ந்து கீழே படியும். பத்து நிமிட ஓய்வில் வண்டி குணமடைவது இதனால்தான். டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருப்பினும் இதே அறிகுறி தோன்றும். டீசல் குறையக் குறையக் காற்று உட்புகாமல் உள்ளே வெற்றிடம் மிகும். திணறும் வேளையில் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளிழுக்கப்பட்டு வண்டி உடனே சீரானால், காசு செலவின்றிக் குற்றவாளி அகப்பட்டான்.

டீசல் குறைந்திருக்கும்போது மட்டும் கோளாறு வந்தால் டேங்கின் அடியை ஐயுறுக. சிறிது டீசலை அடியிலிருந்து வடித்துக் கண்ணாடிப் புட்டியில் ஓரிரவு வையுங்கள். ஒரு லிட்டர் டீசல் ஏறத்தாழ 830 கிராம். தண்ணீரோ 1000 கிராம். ஆகவே தண்ணீர் இருப்பின் அடியில் தனியே நிற்கும். கடலோர ஈரக்காற்றில், பாதி டேங்க்குடன் மாதக்கணக்கில் நிற்கும் வேனில் இது நேர்வது இயல்பு. அத்தண்ணீரும் டீசலும் சந்திக்குமிடத்தில் நுண்ணுயிர்கள் பெருகிக் கருநிறப் பாசிபோல் படர்ந்து ஃபில்டரை அடைப்பதும் உண்டு. படகு எஞ்சினைப் பேணும் மீனவக் குடும்பங்களுக்கு இது புதிய செய்தியன்று.

காலையில் கிளம்பத் தகராறு செய்து, ஓடுகையிலும் மிஸ்ஸிங் அடித்தால், 'ஏர்' எடுக்கிறது என்று கொள்ளலாம். டேங்கிலிருந்து ஃபீடு பம்ப் வரையுள்ள குழாயில் வெடிப்பு இருப்பின் டீசல் வெளியே சொட்டாமலே இருக்கலாம்; அங்கு உறிஞ்சுதல் நடப்பதால் காற்றே உள்ளே புகும். தரை உலர்ந்திருக்கிறது என்று ஏமாறலாகாது. சிறிது நீளம் கண்ணாடிபோன்ற ஹோஸை இடையில் பொருத்தினால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியும். மெக்கானிக்கின் துணையோடு, டேங்கை விலக்கி, சுத்தமான டீசல் நிரம்பிய தனிக் கேனிலிருந்து எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதும் சிறந்த சோதனை. கோளாறு நீங்கினால் குற்றம் டேங்கின் பக்கம். நீங்காவிடில் எஞ்சினின் பக்கம். இதனைச் செய்யும்போது சமையல் அடுப்பும் சிலிண்டரும் அருகில் இருத்தல் கூடாது.

சட்டென நின்றால் மின்வழியை நோக்குக. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டுவதில்லை. ஆயினும் பல வண்டிகளில் மின்சாரம் இருக்கும்வரையே டீசலைத் திறந்துவிடும் வால்வு ஒன்று உண்டு. அதன் வயர் ஒரு நொடி தளர்ந்தால் எஞ்சின் நிற்கும். உப்புக்காற்று வீசும் நம் கரையில் பேட்டரியின் எர்த் வயர் போல்ட்டின் அடியில் பச்சை பூத்துவிடுகிறது. மேலே பார்த்தால் இறுக்கமாகவே தோன்றும். செல்ஃப் சுழலும்போது பேட்டரியின் எதிர்முனைக்கும் எஞ்சினின் உடலுக்கும் இடையே மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பைக் கழற்றித் தேய்த்து மாட்ட வேண்டும். உப்புத்தாளும் கால் மணி நேரமும் போதும்.

ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக. ஃபில்டரும் குழாயும் வயரும் ஒருங்கே மாற்றினால் எது குற்றவாளி என்பது என்றும் தெரியாது. மாற்றிய பின் அதே சாலையில் அதே சுமையுடன் ஓட்டிப் பாருங்கள். மூன்று பயணத்திற்கு ஒருமுறை வந்த கோளாறு ஒரு பயணத்தில் வரவில்லை என்பதால் தீர்ந்ததாகாது. பத்துப் பயணமேனும் காத்திருந்து நம்புக. விலையுயர்ந்த பம்பைக் கழற்றுவது கடைசிப் படியாக இருக்கட்டும்.

இவையனைத்திலும் முதன்மையானது உயிர். எஞ்சின் நின்றால் பல வேன்களில் பிரேக்கிற்குத் துணைசெய்யும் வாக்குவமும் நின்றுபோகும். எஞ்சியிருப்பது இரண்டொரு மிதிக்கே போதும். அதன்பின் பெடல் கல்லாக இறுகும், ஸ்டியரிங்கும் கனக்கலாம். ஆகவே வண்டி திணறத் தொடங்கியதுமே, விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தமாகப் பிரேக்கை ஊன்றி இடப்புறம் ஒதுக்க வேண்டும். எச்சரிக்கை விளக்கைப் போட்டு, அனைவரையும் சாலைக்கு எதிர்ப்புறமாக இறக்கிச் சற்றுத் தள்ளி நிறுத்துக. காரணம் அறியப்படாத கோளாறுடைய வேனில், திருவிழா நெரிசலில், இரவில் குழந்தைகளை ஏற்றிச் செல்வது துணிவன்று.

இறுதியாக, வீட்டாருக்கு ஒரு சொல். "பட்டறையில் நன்றாகத்தானே ஓடியது, உனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை" என்று ஓட்டுநரைக் கடிவது எளிது. கோளாற்றை நேரில் கண்ட ஒரே சாட்சி அவரே. அவர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்டு, நாளும் நேரமும் இட்டு எழுதிவையுங்கள். அத்தாளோடு பட்டறைக்குச் செல்பவர், பாகம் வாங்கும் பணத்தோடு மட்டும் செல்பவரைவிட விரைவில் வீடு திரும்புவார்.