கே.டி.எம். என்பது பொடியின் பெயர்

“ஹால்மார்க்கெல்லாம் தேடாதீங்கம்மா, இது கே.டி.எம்., சொக்கத் தங்கம்.” போன மாதம் ஒரு சின்ன நகைக்கடையில் என் அக்காவிடம் சொன்னது இது. சங்கிலிக் கொக்கியில் அந்த மூன்று எழுத்தும் கண்ணை இடுக்கினால்தான் தெரிந்தன. அக்கா பணப்பையைத் திறந்துவிட்டாள். தடுத்தது நான், அன்று முழுக்க எங்களுக்குள் பேச்சு இல்லை.

கே.டி.எம். என்பது காட்மியம் என்ற உலோகப் பெயரின் சுருக்கம். அது சொல்வது தங்கத்தின் மாற்றை அல்ல, பற்றவைத்த பொடியை. இரண்டு கண்ணிகளைச் சேர்க்கும்போது ஆசாரி இடுக்கில் வெண்காரமும் பொடியும் வைத்து ஊதுகுழலால் ஊதுவார். நகை உருகும் முன் பொடி உருகியாக வேண்டும். அதற்காக அந்தக் காலத்தில் பொடியில் செம்பும் வெள்ளியும் தாராளமாகச் சேர்த்தார்கள். கம்பி 22 காரட்டாகவே இருக்கும். ஆனால் நூறு இடத்தில் ஊதிய சங்கிலியை உருக்கினால் மாற்றுக் குறைந்துதான் வரும். பேச்சிலும் ‘பொடி வைப்பது’ என்கிறோமே, சும்மா இல்லை.

காட்மியம் அந்தக் குறையைத் தீர்த்தது. 92 பங்கு தங்கத்தில் 8 பங்கு காட்மியம் கலந்தாலே பொடி சீக்கிரம் இளகும், மாற்றும் இறங்காது. அந்த மட்டில் கே.டி.எம். சம்பாதித்த பெயர் நியாயமானதுதான். ஆனால் பொடி உசத்தி என்றால் நகையே உசத்தி ஆகிவிடுமா? 18 காரட் வளையலையும் காட்மியம் வைத்து ஊதலாம். அந்த மூன்று எழுத்தை அடித்தவர் நகையைச் செய்தவரோ விற்பவரோதான். வேறு யாரும் சோதித்துப் பார்த்து அடித்ததல்ல.

போதாததற்குப் புகை வேறு. தங்கம் உருக 1064 டிகிரி சூடு வேண்டும். காட்மியமோ 767 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். ஊதுபவர் மூச்சில் இழுப்பது அதைத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை காட்மியத்தைப் புற்றுநோய் தருபவற்றின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஹால்மார்க் நகையில் அதற்கு இடமில்லை. இன்று துத்தநாகம், இண்டியம் கலந்த பொடிகள் வந்துவிட்டன. அப்படியிருக்க இன்னும் கே.டி.எம். என்று பெருமை பேசும் கடையைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது.

சரி, 916 என்றால் சொக்கமா? அதுவும் இல்லை. 24-இல் 22 பங்கு, அதாவது ஆயிரத்தில் 916. எட்டு கிராம் சவரனில் சுத்தத் தங்கம் ஏழேகால் கிராமுக்குக் கொஞ்சம் மேலே. இதில் ஏமாற்று எதுவும் கிடையாது. சொக்கத் தங்கத்தில் வளையல் செய்தால் கையிலேயே நெளிந்துவிடும். நமக்குச் சவரன் என்ற பெயரைத் தந்த இங்கிலாந்து சாவரின் நாணயமே 22 காரட்தான். வைரத்தை இறுகப் பிடிக்க இன்னும் கெட்டியான உலோகம் வேண்டும் என்பதால் அங்கே 18 காரட்.

நிறத்தைப் பார்த்து மாற்றுச் சொல்வோரும் உண்டு. செம்பு கூடினால் சிவக்கும், வெள்ளி கூடினால் வெளிறும். இரண்டும் 22 காரட்டாகவே இருக்கலாம். 18 காரட் வெள்ளைத் தங்கத்திலும் மஞ்சளில் இருக்கும் அதே 75 சதவீதத் தங்கம்தான்.

“ஹால்மார்க் மட்டும் என்ன, காசு கொடுத்தால் அடித்துத் தருவார்கள்” என்பது அக்காவின் வாதம். போலி முத்திரைகள் இருந்தது உண்மை. அதனால்தான் 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகை ஒவ்வொன்றிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறி வேண்டும் என்றாக்கினார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முக்கோண முத்திரை, 22கே916 போன்ற தர எண், இந்தக் குறி என மூன்றும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் குறியைத் தட்டினால் கடை, சோதனை மையம், தரம், என்ன நகை என்பது வரை காட்டும். மோதிரத்துக்கு வாங்கிய எண் சங்கிலியில் இருந்தால் அங்கேயே வெளுத்துவிடும். மாற்றுக் குறைந்தது நிரூபணமானால் குறைந்த மதிப்பைப் போல் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகக் கேட்கலாம்.

அக்கா பிறகு அம்மாவின் பழைய காசுமாலையைச் சோதனை மையத்துக்கு எடுத்துப் போனாள். சோதனைக் கருவியின் கதிர் காசின் மேல் விழுந்தபோது திரையில் ஒரு எண் வந்தது; பற்றவைத்த இடத்தில் விழுந்தபோது அதைவிடக் குறைந்த எண் வந்தது. எது சரி என்று கேட்டாளாம். “ரெண்டும் சரிதாம்மா. உருக்கினா மூணாவதா ஒண்ணு வரும், விக்கறப்ப கணக்கு அதுதான்” என்றாராம் அங்கிருந்தவர்.